மஃபின் தட்டில் ஏழு குண்டுகள்

அத்தியாயம் 9

டெபுடி ஷெரிஃப் கிப் லேன்டர்ஸ் இடுப்புப் பெல்ட்டை ஒருதரம் ஏற்றிவிட்டுக்கொண்டார். பெல்ட் ஏறினால் அவர் முக்கியமாக எதையோ சொல்லப்போகிறார் என்று அர்த்தம். கேட்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. இதுவரை யாரும் பிடித்ததில்லை.

"கொலை நடந்த இடத்துல கிடைச்ச முக்கியமான சாட்சி இதுதான்."

ஷெரிஃப் ஆபீஸுக்குப் பின்னால் இருந்த வண்டிக் கொட்டகையில், மேஜைமேல் உட்கார்ந்திருந்த அந்த முக்கியமான சாட்சி, மஃபின் சுடுகிற தகரத் தட்டு. பன்னிரண்டு குழிகள். கழற்றிய சாமான்கள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க, மாவு இருக்க வேண்டிய இடத்தில் போல்ட்டுகள், மஞ்சள் பெயின்ட் அடித்த ஸ்பிரிங்குகள், பட்டாணி அளவில் இரும்புக் குண்டுகள். எல்லாவற்றின்மேலும் கியர்பாக்ஸ் எண்ணெயின் சிவப்பு.

ட்வைலா ஜெஸப் குனிந்து முகர்ந்து பார்த்தாள். "எத்தனை நிமிஷம் வேகணும், கிப்?"

"ட்வைலா, ஒரு மனுஷன் செத்திருக்காரு."

"தெரியும்."

தெரியாமல் என்ன? பத்தொன்பது வருஷம் அந்த ஊர் ஸ்கூல் பஸ்ஸை ஓட்டியவள். செத்துப்போன லோவல் கெஸிங்கரின் ஒரே மகன் வெஸ்ஸை, முன்பல் விழுந்த வயசிலிருந்து மீசை முளைத்த வயசு வரை ஏற்றி இறக்கியிருக்கிறாள். முழங்கால் மக்கர் செய்ததால் பஸ்ஸை விட்டுவிட்டு இப்போது துப்பறியும் மெர்லிடம் உதவியாளர். துக்கம் வந்தால் அவளுக்கு முதலில் வாய் துடுக்காகும். அழுகை அப்புறம் வரும், தனியாக, பாத்திரம் கழுவும்போது.

மெர்ல் டெட்வைலரோ, 'தனியார் விசாரணை ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டில் பொன்னெழுத்தில் போட்டுக்கொண்டவர். ஆனால் அந்தக் கவுன்டியில் பிக்கப் டிரக் வைத்துக்கொள்ளாத ஒரே ஆண்பிள்ளை என்பதுதான் அவருடைய நிஜமான புகழ். தன் சின்னக் காரின் பானெட்டை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. எதை இழுத்தால் அது திறக்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

"முதல்லேருந்து சொல்லுங்க கிப்," என்றார் மெர்ல். "எனக்கு வண்டி விஷயம் தெரியாது."

"அது ஊருக்கே தெரியுமே," என்று சந்தோஷமாக ஆரம்பித்தார் கிப்.

போன வாரம் வியாழக்கிழமை. லோவல் தன் வீட்டு முன்னால் சரளைக்கல் பாதையில் டிரக்கை ஏற்றி நிறுத்தி, இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் உட்காரவைத்து, அடியில் படுத்து கியர்பாக்ஸைத் திறந்திருக்கிறார். ஒரு ஸ்டாண்டு சாய்ந்தது. வண்டி அவர்மேல் இறங்கியது. தபால்காரர்தான் முதலில் பார்த்தார்.

"விபத்துன்னு விட்டிருப்பேன். ஆனா பாருங்க, பக்கத்துலயே ஷிஃப்ட் கிட் பெட்டி. அதுக்குள்ள இருந்த காகிதத்துல வெஸ்ஸோட கையெழுத்து. 'அப்பா, இந்த மூணு ஓட்டையை மட்டும் பெருசாக்குங்க'ன்னு. அவனைக் கேட்டா, ரெண்டு வருஷமா அந்தப் பாதையில காலே வைக்கலைங்கறான். முந்தின சனிக்கிழமை டைனர்ல அப்பனும் மகனும் போட்ட சண்டையை, முட்டை தின்னுக்கிட்டிருந்த இருபது பேர் கேட்டிருக்காங்க. எதுக்குடா சண்டைன்னா, 'பழைய ஸ்பிரிங் எங்கேன்னு கேட்டாரு, தூக்கி எறிஞ்சுட்டேன்னேன்'ங்கறான். பழைய ஸ்பிரிங்குக்கு எவனாவது சண்டை போடுவானா?"

ஷிஃப்ட் கிட் என்பது அந்தப் பக்கத்து ஆண்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு தீட்சை. ஆட்டோமேட்டிக் டிரக் கம்பெனியிலிருந்து வரும்போது, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் சத்தமில்லாமல் கியர் மாறும். அது மானக்கேடு. ஆகவே ஒரு சனிக்கிழமை வீட்டு வாசலிலேயே மல்லாந்து படுத்து, எண்ணெயை வடித்து, கியர்பாக்ஸின் மூளையை இறக்கி, ஸ்பிரிங்குகளை விறைப்பானதாக மாற்றி, நடுவில் இருக்கும் தகட்டின் ஓட்டைகளைத் துளைபோட்டுப் பெரிதாக்கி, இருக்கிற ஏழு குண்டுகளில் இரண்டை வெளியே வைத்துவிட்டு மாட்டுவார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு கியரும் முதுகில் உதைத்துக்கொண்டு விழும். உதை வாங்கியவன் பூரித்துப்போவான்.

"அப்ப அன்னிக்கு கிட்டை மாட்டிக்கிட்டிருந்தாங்கன்னு சொல்றீங்க," என்றார் மெர்ல்.

"வேற என்ன? வெஸ்ஸோட கிட். மாட்ட வெஸ் வந்திருக்கான். சண்டை தொடர்ந்திருக்கு. இன்னொண்ணு சொல்றேன். லோவல் நாற்பது வருஷமா ஸ்டாண்டுக்கு அடியில ப்ளைவுட் பலகை போடாம படுத்ததே கிடையாது. மார்ச் மாசம், பனி உருகி மண்ணு களியா கிடக்கு. பலகையைக் காணோம்! யாரோ உருவியிருக்கான். இன்னிக்கு நாலு மணிக்கு ஃபைல் கவுன்டி அரசு வக்கீல் மேஜைக்குப் போகுது. கொலைக் கேஸ்."

மணி பதினொன்று.

மெர்ல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் குழியில அஞ்சு குண்டு. அந்த ஓரத்துல ரெண்டு. ஏன் பிரிச்சு வெச்சிருக்காரு?"

"கம்பெனிக்காரன் போட்டது ஏழு. திருப்பிப் போட வேண்டியது அஞ்சு. வேண்டாதது ரெண்டு." கிப் ட்வைலாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "வண்டி வெச்சிருக்கவன் கேட்கற கேள்வியா இது?"

"இல்ல, கிட் ஏற்கெனவே மாட்டியிருந்த வண்டின்னா, உள்ளேருந்து அஞ்சுதானே வரும்? ரெண்டை வெளியிலேருந்து கொண்டுவந்திருக்கணும்."

கிப் சிரித்தார். கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. "மெர்ல், கிட்டை மாட்டுவாங்க. கழட்ட மாட்டாங்க. என் பதினெட்டு வருஷ சர்வீஸ்ல, இந்தக் கவுன்டியில, உதைக்கற வண்டியை உதைக்காத வண்டியா மாத்தின ஆம்பளை ஒருத்தன் கிடையாது."

ட்வைலா சிரிக்கவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தகடுகள் கிடந்தன. ஓட்டை பெரிதாக்கியது ஒன்று, சின்ன ஓட்டையோடு ஒன்று. பெரிய ஓட்டைத் தகட்டை அவள் திருப்பினாள். எண்ணெய் கசியாமல் இருக்க இடையில் வைக்கிற கேஸ்கட் காகிதம், ஓடிய சூட்டில் அதில் தீய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். வரவில்லை.

"கிப், இதுதான் புதுசா மாட்டப்போற தகடு. அப்படித்தானே?"

"ஆமா."

"மாட்டாத தகட்டுல கேஸ்கட் எப்படித் தீய்ஞ்சு பிடிக்கும்? மாவே ஊத்தாத சட்டியில பான்கேக் அடிப்பிடிச்ச கதையால்ல இருக்கு!"

கிப் பெல்ட்டைத் தொட்டார். ஏற்றவில்லை. "அது... பழைய தகட்டையே வாங்கியிருப்பான்."

"சின்ன ஓட்டைத் தகட்டுல மஞ்சள் சாக்குல நாற்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு," என்றார் மெர்ல். "அது என்ன?"

"ஹெர்ஷல்," என்றாள் ட்வைலா. "பழைய வண்டி உடைக்கற ஹெர்ஷல். செத்த வண்டிக்கெல்லாம் நம்பர் போட்டு வெச்சிருப்பான். பாஸ், கிளம்புங்க. நான் ஓட்டறேன். நீங்க ஓட்டினா நாலு மணிக்குத்தான் போய்ச் சேருவோம்."

*

ஹெர்ஷலின் வளாகத்தில் நானூறு வண்டிகள் சேற்றில் புதைந்திருந்தன. ஹெர்ஷல் ஒரு பஸ் சீட்டில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். அது ட்வைலாவின் பழைய பஸ்ஸின் சீட். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"நாற்பத்தொண்ணா? அந்தப் பச்சை டிரக்கு. ஒரு பாதிரியார் வெச்சிருந்தது. ஒரு திருகாணி மாத்தலை. சுத்தமா கம்பெனி மாதிரியே இருக்கு. அதான் யாருக்கும் வேண்டாம்."

"லோவல் வந்தாரா?"

ஹெர்ஷல் மெல்வதை நிறுத்தினான். "புதன்கிழமை. அவர் சாகறதுக்கு முந்தின நாள். யாரும் கை வைக்காத வண்டியிலேருந்து தகடு வேணும், ஸ்பிரிங் வேணும்னாரு. உள்ளதுலயே மெதுவான ஸ்பிரிங்காம். அவரே பச்சை டிரக்குக்கு அடியில படுத்துக் கழட்டிக்கிட்டாரு. குண்டு ரெண்டு நான் சும்மா குடுத்தேன்."

ட்வைலா மெர்லைப் பார்த்தாள். மெர்ல் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஜெயித்த முகமாக இல்லை அது.

"கிப்புகிட்ட ஏன் சொல்லலை?"

"கிப் கேட்டாத்தானே? அவரு இங்க வந்தா அவர்தான் பேசுவாரு." ஹெர்ஷல் சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றிக் கீழே வைத்தான். "அப்புறம்... நான் கொஞ்சம் அதிகமா சிரிச்சுட்டேங்க. 'என்ன லோவல், வயசாயிடுச்சா, உதை தாங்கலையா'ன்னு. இங்க நின்ன ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. 'ஆமாண்டா, முதுகு போயிடுச்சு'ன்னாரு. கிளம்பறப்ப மட்டும் ஒண்ணு கேட்டாரு. தகடு, ஸ்பிரிங் எல்லாம் மாத்தினா, உள்ள தூங்கற ஆள் முழிக்காம கியர் மாறுமான்னு."

"நீ என்ன சொன்னே?"

"மாறும்னேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும்னு அவசரமா போனாரு."

*

காரில் ஏறியதும் மெர்ல் சொன்னார்: "பாதி கேஸ் முடிஞ்சுது. கிட் அன்னிக்கு உள்ளே போகலை, வெளியே வந்துக்கிட்டிருந்தது. ரெண்டு வருஷம் முன்னால, வெஸ் கடைசியா அங்க வந்தப்ப மாட்டினது. அதனால அந்தக் கையெழுத்தும் ரெண்டு வருஷப் பழசு. எதை எங்கே மாட்டினோம்னு பார்க்கத்தான் பழைய பெட்டியைப் பக்கத்துல எடுத்து வெச்சிருக்காரு. சண்டையும் நிஜமாவே பழைய ஸ்பிரிங்குக்குத்தான். வெஸ் சொன்னது அத்தனையும் உண்மை."

"அப்ப ஏன் பாஸ் முகம் இப்படி இருக்கு?"

"பலகை. அது எங்கே போச்சுன்னு சொல்லலைன்னா, கிப் அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவார். அப்புறம் ஏன் கழட்டினார்னு ஒரு கேள்வி இருக்கு. முதுகு போச்சுன்னாராம். புதன்கிழமை செத்த வண்டிக்கு அடியில ரெண்டு மணி நேரம் மல்லாந்து படுத்த முதுகு அது."

அதற்குள் கெஸிங்கர் வீடு வந்துவிட்டது. டிரக்கை ஷெரிஃப் ஆட்கள் இழுத்துப்போயிருந்தார்கள். சரளையில் எண்ணெய் கொட்டிச் சிவப்பாக ஒரு வட்டம் மட்டும் மிச்சம். ட்வைலா அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். முழங்கால் படிகளை நினைத்து முன்கூட்டியே முனகியது. ஆனால் வராந்தாவுக்கு ஏறும்போது வலிக்கவில்லை. படியே இல்லை. சரிவாக ஒரு பலகை.

அவள் நின்றாள். குனிந்தாள்.

"பாஸ்."

புது ஆணிகள், பழைய ப்ளைவுட். நான்கு துண்டுகளைச் சேர்த்து அடித்திருந்தது. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் சதுரமாக நான்கு பள்ளம், ஸ்டாண்டின் கால்கள் நாற்பது வருஷம் அழுத்திய தடம். அதைச் சுற்றிக் கறுத்துப்போன எண்ணெய்க் கறை. மேலே, வழுக்காமல் இருக்க, கம்பளத் துண்டு ஒட்டியிருந்தது.

யாரும் உருவவில்லை. அவரேதான் எடுத்து, அறுத்து, இங்கே அடித்திருக்கிறார். பிறகு வெறும் களிமண்மேல் ஸ்டாண்டை வைத்துப் படுத்திருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க.

"இது யாருக்கு?" என்றார் மெர்ல். கேட்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

கதவைத் திறந்தாள் நேடீன் கெஸிங்கர், லோவலின் மனைவி. கையில் சக்கரம் வைத்த ஊன்றுசட்டம். மெர்லுக்கு இந்த வேலையைக் கொடுத்தவள் அவள்தான், போனில். நேரில் ட்வைலா அவளைப் பார்த்து ஆறேழு மாதம் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு சர்ச்சுக்கு வராததற்குக் காரணம் மூட்டுவலி என்று ஊரில் பேச்சு.

"உள்ள வாங்க. குளிர் வருது. காபி போட முடியலை கண்ணு, நீயே போட்டுக்கோ."

யாரும் போடவில்லை. மெர்ல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "மிஸஸ் கெஸிங்கர், உங்க மகன் செய்யலை. நிரூபிக்க முடியும்."

நேடீன் கண்ணை மூடித் திறந்தாள். "தெரியும். எப்படி?"

மேடை கிடைத்தால் இறங்க மனம் வராத மனிதர் மெர்ல். இப்போது தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். ட்வைலா குறுக்கே புகுந்தாள்.

"அது ஒரு கேஸ்கட் விஷயம் நேடீன். விவரமெல்லாம் வேண்டாம். கிப்புகிட்ட நாங்க பேசிக்கறோம். லோவலுக்கு முதுகுவலி இருந்தது, வண்டியை மெதுவா மாத்தப் பார்த்தாரு, ஸ்டாண்டு சாஞ்சுது. அவ்வளவுதான். ஹெர்ஷலும் அதையே சொல்வான்."

"லோவலுக்கு முதுகுவலியே கிடையாதே."

சுவர்க் கடிகாரம் இரண்டு மணி அடித்தது. நேடீன் ஜன்னல் வழியாக அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள்.

"கிட்டைக் கழட்டிக்கிட்டிருந்தாரா?"

ட்வைலா தலையாட்டினாள்.

"எனக்கு எலும்புல பரவியிருக்கு," என்றாள் நேடீன், அடுத்த தெருவில் யாரோ வீடு மாறிய செய்தி மாதிரி. "அக்டோபர்லேருந்து. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நகரத்து ஆஸ்பத்திரி. எழுபது மைல். வெஸ்ஸுக்குத் தெரியாது. அவன் எண்ணெய்க் கிணத்துல ரெண்டு வாரம் வேலை, ரெண்டு வாரம் லீவு. லீவுலயும் டவுன்லயே தங்கிக்கறான், வீட்டுப் பக்கம் வர்றதில்லை. மேலே ஏறி நிக்கற வேலை, இதைக் கேட்டா அங்க நினைப்பு நிக்காது. வசந்தம் வரைக்கும் சொல்லாதேன்னு லோவல்கிட்ட சத்தியம் வாங்கினேன். அதனாலதான் டைனர்ல சண்டை வந்தப்பகூட அவரு சொல்லலை."

"வண்டி உதைச்சது வலிச்சுதா?" என்றாள் ட்வைலா.

"நான் சொல்லவே இல்லை, கண்ணு. ஒரு தடவைகூடச் சொல்லலை. ஒவ்வொரு கியருக்கும் பல்லைக் கடிச்சுக்குவேன். அவரோட போன கடைசி வெள்ளிக்கிழமை, திரும்பி வர்றப்ப மட்டும்... மருந்து குறைஞ்சிருந்தது. கத்திட்டேன். 'இந்தச் சனியன் வண்டியை நிறுத்து, நான் நடந்து வரேன்'னு." அவள் சட்டத்தைப் பிடித்த விரல்களைத் தளர்த்தி மறுபடி பிடித்தாள். "அவரு மீதி நாற்பது மைலும் இருபது மைல் வேகத்துலயே ஓட்டினாரு. கியர் மாறவே கூடாதுன்னு."

மெர்ல் மெதுவாகச் சொன்னார்: "இதைச் சொல்லணும்னு அவசியமில்லை. கேஸ்கட், ஹெர்ஷலோட சாட்சி, இதை வெச்சே நான் முட்டி மோதிப் பார்க்கறேன்."

"பலகை?"

மெர்ல் தொப்பியைப் பார்த்தார்.

"பலகை எங்கேன்னு கிப் கேட்பான். என் காலடியில இருக்குன்னு சொன்னா, ஏன்னு கேட்பான். மோதிப் பார்க்கறதுக்கு என் பிள்ளை என்ன பந்தா?" நேடீன் எழ ஆரம்பித்தாள். எழுந்து முடிக்க நேரம் பிடித்தது. "ட்வைலா, கோட்டை எடு. உன் காரு உதைக்குமா?"

"பாஸோட காரு. அதுக்கு உதைக்கத் தெம்பு கிடையாது."

இருபத்திரண்டு மைல். ட்வைலா தன் வாழ்க்கையில் அதுபோல் ஓட்டியதில்லை. பின் சீட்டில் இருமல்கூட இல்லை. பாலங்களின் இணைப்பில் மட்டும் ஒரு சின்ன மூச்சுச் சத்தம்.

*

மூன்றேகால். கிப் ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தார். நேடீனைச் சட்டத்தோடு பார்த்ததும் எழுந்து, தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார்.

"வெஸ்ஸைக் கூட்டிட்டு வா," என்றாள் நேடீன். "ஒரு தடவைதான் சொல்வேன். அவனும் இருக்கணும்."

"விதிமுறைப்படி—"

"கிப்."

கிப் போனார்.

வெஸ் ஜெயிலின் ஆரஞ்சுச் சட்டையில், கைவிலங்கோடு வந்தான். முப்பது வயது, ஆனால் ட்வைலாவுக்கு முன்பல் விழுந்த அந்தப் பையனின் முகம்தான் தெரிந்தது. "அம்மா, நீ ஏன் வந்தே? நான் பார்த்துக்கறேன்ல."

நேடீன் சொன்னாள். அக்டோபர், ஆஸ்பத்திரி, கத்தியது, பலகை. எங்கும் நிற்காமல், சமையல் குறிப்பு சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னாள். கிப் எழுதிக்கொண்டே வந்தார். பாதியில் பேனா நின்றுவிட்டது. 'நோக்கம்' என்று எழுதி, எதிரே காலியாக விட்டிருந்தார். பிறகு கட்டியிருந்த ஃபைலின் நாடாவை அவிழ்த்து, சாவியை எடுத்து, வெஸ்ஸின் கைவிலங்கை அவரே கழற்றினார்.

வெஸ் மணிக்கட்டைத் தேய்த்துக்கொள்ளவில்லை. கை விலங்கில் இருந்த மாதிரியே சேர்ந்திருந்தது.

"அப்பா டைனர்ல வந்து கேட்டாரும்மா. பழைய ஸ்பிரிங் எங்கேன்னு. எறிஞ்சுட்டேன்னேன். ஏன் கழட்டறீங்கன்னேன். சொல்ல மாட்டேன்னாரு. ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டினதும்மா அது, நாள் பூரா. எனக்குக் கோபம் வந்துடுச்சு. எல்லார் முன்னாடியும் சொன்னேன்..." அவன் அவிழ்ந்து கிடந்த நாடாவைப் பார்த்தான். "'கிழவிங்கதான் அப்படி வண்டி ஓட்டுவாங்க'ன்னு."

"உங்கப்பா அதைச் சொல்லிச் சிரிச்சாருடா, வீட்டுக்கு வந்து," என்றாள் நேடீன்.

அது பொய் என்று ட்வைலாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மெர்லுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெஸ் அம்மாவையே பார்த்தான். கோட்டின் காலருக்குள் கழுத்து இருந்த இடத்தை, சட்டத்தின்மேல் இருந்த விரல்களை, மோதிரம் கழன்று விழாமல் இருக்க அதில் சுற்றியிருந்த நூலை, முதல் முறையாகப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு அவள் காலடியில் சிமென்ட் தரையில் உட்கார்ந்தான்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றான். "நான் ஓட்டறேன்."